ஒரு துளிக்கு இருவர்

கொன்ராட் தரையில் குப்புறக் கிடந்தார். கைகளை அகல விரித்து, மூக்கு கல்லில் பட.

பூசை வைக்கும் குரு தன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரைன் நதிக்கரை மடத்தில் அது காலை வழக்கம். துறவிகள் எல்லோரும் கூடுவார்கள். தப்புச் செய்தவர் தானாக முன்வந்து, விழுந்து, சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் சொல்லும்வரை விட்டால் தண்டனை இரட்டிப்பு.

நேற்றுத் திருநாள் பூசையில் கிண்ணத்திலிருந்து ஒரு துளி சிந்திவிட்டது.

சாதாரணத் துளியா? அர்ச்சித்த பிறகு அது திராட்சை இரசமே இல்லை. ஆண்டவரின் இரத்தம்.

அந்தப் பூசையை வைத்தவர் இந்தக் குருதான். பீடத்துணியில் ஈரம் பட்ட இடத்தை அங்கேயே வாயால் உறிஞ்சினார். துணியை அலசி அந்தத் தண்ணீரையும் குடித்தார். பரிகார நூல்கள் அப்படித்தான் சொல்லின.

ஆனால் இப்போது விழுந்து கிடப்பது கொன்ராட். மடத்தின் கோயில்பிள்ளை. கிண்ணத்தில் இரசம் ஊற்றித் தருவது அவர் வேலை.

“நான்தான் அளவுக்கு மீறி ஊத்திட்டேன், சாமி.”

மடத்தலைவர் பெருமூச்சு விட்டார். யாருக்கும் ஆச்சரியமில்லை. மணியடிக்க மறந்து தூங்குகிறவர் கொன்ராட். எந்தப் பழியைக் கொண்டுவந்து தலையில் போட்டாலும் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

குரு சும்மா இருந்தால் போதும்.

வாயைத் திறந்தால் இனி பீடம் ஏற விடமாட்டார்கள். வீடு, பெயர், பிள்ளைகுட்டி எல்லாம் வேண்டாமென்று வந்தவர். கிண்ணத்தை உயர்த்தும் அந்த நிமிடத்துக்காகத்தான் தினமும் விழித்தெழுந்தார். வேறு எதுவும் அவரிடம் இல்லை.

எழுந்தார்.

கொன்ராடின் பக்கத்தில் போய் விழுந்தார்.

“என் கை நடுங்குது, சாமி. குளிர் வர்றதுக்கு முன்னாடியிருந்தே. மறைச்சுட்டேன்.”

தலைவர் நல்ல மனிதர். நிறையப் படித்தவர். பாவம் செயலில் இல்லை, மனம் சம்மதிப்பதில் இருக்கிறது என்று வாதிடும் நூல்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அவற்றையும் படித்திருந்தார்.

“நடுங்கினது கை. உங்க மனசு அதுக்குச் சம்மதிக்கலையே” என்றார்.

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி யார் காட்டுவார்கள்?

“நடுங்கும்னு தெரிஞ்சுதானே நேத்து கிண்ணத்தைத் தூக்கினேன். அப்பவே சம்மதிச்சாச்சு, சாமி.”

என்ன மனிதர்!

 தலைவர் கொன்ராடை எழுந்திருக்கச் சொன்னார்.

கொன்ராட் எழவில்லை.

“இவர் கை நடுங்குறது எனக்குத் தெரியும், சாமி. அதனாலதான் இவ்வளவு நாளா அரைக்கிண்ணம் மட்டும் ஊத்தினேன். நேத்து திருநாள் பரபரப்புல மறந்துட்டேன்.”

கல்லில் முகம் புதைத்திருந்த குரு விம்மினார். தன் ரகசியத்தை இத்தனை காலம் ஒருவர் சத்தமில்லாமல் சுமந்திருக்கிறார். அதுவும் மணியடிக்க மறக்கிற கொன்ராட்.

தண்டனை இருவருக்கும் கிடைத்தது. ஈஸ்டர் வரை வெறும் அப்பமும் தண்ணீரும், சாப்பாட்டு மண்டபத்துக்கு வெளியே.

குருவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. இனி பூசை வைக்கக் கூடாது.

மதியம் இருவரும் குளிர்ந்த தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உள்ளே மற்றவர்கள் சாப்பிடும் ஓசை கேட்டது. நடுவில் காய்ந்த அப்பம் ஒன்று.

குரு அதை எடுத்தார். பிட்டுப் பார்த்தார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

கொன்ராட் அதை வாங்கிக்கொண்டார். பிட்டார். ஒரு துண்டை அவரிடம் நீட்டினார்.

பூசையில் அப்பம் வாங்குகிறவரைப் போல, குரு மெல்ல முழந்தாளிட்டார்.