ஆழமில்லாத தீவு

“நாளைக்குக் கப்பலிலயிருந்து தண்ணிக்குள்ள மீன் பாக்கிற ஸ்நோர்க்கலிங்குக்குப் போக ரெண்டு தீவு இருக்கு, மேனுகா. ஒண்டில மீன் நிறைய, ஆனா ஆழம். மற்றதில இடுப்பளவு தண்ணிதான். பிள்ளையளுக்கு எது நல்லம்?” என்று போனில் கேட்டான் ஹரிசன்.

“ஆழம் வேண்டாம். ஒருக்காப் பயந்தா, பிறகு கடலெண்டாலே அழுவினம்” என்றாள் அவன் மனைவி.

“ஆனா ஆழமில்லாத தீவில சிக்னல் இல்லை. நாளைக்கெண்டு பாத்துக் கதைக்க ஏலாமப் போயிடும்.”

அவன் குரலைக் கேட்பதற்காகத்தான் மேனுகா நாள் முழுவதும் காத்திருப்பாள்.

“பரவாயில்லை. பிள்ளையளைக் கவனமாப் பாருங்கோ” என்றாள்.

வெள்ளவத்தை வீட்டில் அவள் போனை வைத்ததும் மகள் ஓடிவந்தாள். “அம்மா, நாளைக்கு என்ர பிறந்தநாளுக்கு அப்பா போன் எடுத்துக் கதைப்பாரோ?”

“இல்லையம்மா. கப்பலில வந்த பிள்ளையளுக்கு அவர் மீன் காட்டவேணும். அதுதானே அவற்ற வேலை.”

“எனக்கு எப்பம்மா காட்டுவார்?”