இருபத்தைந்து வருடமும் இரண்டு மாதமும்

"ரெண்டு மாசந்தான் காட்டுது சார்."

ஆபீஸ் கிளார்க் அம்சவல்லி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ராஜ்மோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். போன மாதம் ஓய்வு பெற்றவர். பென்ஷனுக்கு சர்வீஸ் சான்றிதழ் வாங்க, சென்னையிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் ரயிலில் வந்து இறங்கியிருந்தார்.

"ஏம்மா, இருபத்தஞ்சு வருஷம் இந்த ஃபேக்டரியில உழைச்சிருக்கேன். கேட்டுல வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழ போட்டுட்டு எழுந்து நிக்கிறான். அவனுக்கு ஞாபகம் இருக்குது, உன் கம்ப்யூட்டருக்கு இல்லியா?"

"புது சாஃப்ட்வேரு வந்த தேதியிலேர்ந்துதான் சார் இதுல இருக்குது. அது வந்து ரெண்டு மாசத்துல நீங்க சென்னைக்கு மாத்திப் போயிட்டீங்க."

"அதுக்கு முந்தினது?"

"பழைய அட்டெண்டன்ஸ் நோட்டுல இருந்துச்சு. நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சுங்க சார்."

ராஜ்மோகன் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு முழுக்க பீங்கான் தூசி. அருவருப்போடு பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெயர் பாஞ்சாலை. அவளும் இதே சான்றிதழுக்குத்தான் வந்திருந்தாள், இறந்துபோன புருஷனுக்காக. இது ஐந்தாவது தடவை.

"எங்க வூட்டுக்காரரு பேரு திருமால், சார். இங்க சூளையில இருபத்திரெண்டு வருசம் வெந்தாரு. அவரு பேரும் கம்ப்யூட்டர்ல இல்லங்கறாங்க."

பைக்குள்ளிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

"கார்த்திகைக்கு செராமிக் ரோட்டுல அகல் வெளக்கு வாங்குனேன். சுத்திக் குடுத்த காயிதத்தப் பிரிச்சா, அவரு பேரு. கீழ அவரு கையெழுத்து. மறுநாளே அந்தக் கடைக்கு ஓடுனேன் சார். மிச்சத்தயெல்லாம் சுத்தி வித்துட்டாங்களாம்."

தாளில் ஒரு மாதத்து வருகை, கட்டம் கட்டமாக இருந்தது. ராஜ்மோகன் அதை வாங்கி அம்சவல்லியின் மேசையில் வைத்தார்.

"இதை வச்சாவது இந்த அம்மாவுக்கு ஏதாச்சும் பண்ணலாமில்ல?"

"அது ஒரு மாசத்துக்குத்தான் சார் ஆதாரம். பத்து வருசமாவது காட்டணும். அக்காகிட்ட அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சோறு எறங்கல."

ராஜ்மோகன் ஜன்னல் பக்கம் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

"த்தூ! மனுஷங்களா நீங்கல்லாம்? செத்தவன் கையெழுத்தைப் போய் வெளக்கு சுத்த அனுப்பியிருக்கீங்க!"

பக்கத்து அறையிலிருந்து நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

"புதுசா ஒண்ணு கொண்டாந்தா, முதல்ல உக்காந்து யோசிக்கணும். பழைய நோட்டுல இருக்கறதை ஏத்தணும். ஏத்தினது சரியான்னு பார்க்கணும். ரெண்டையும் மூணு மாசமாச்சும் சேர்த்து ஓட்டணும். இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"சரியாச் சொன்னீங்க சார்," என்றாள் பாஞ்சாலை. அவள் கண் கலங்கியிருந்தது. தனக்காகப் பேசவும் ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

அம்சவல்லி மட்டும் நிமிரவில்லை. தாளை நான்காக மடித்து, பத்திரமாகப் பாஞ்சாலையிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வாயைத் தொறம்மா!" ராஜ்மோகன் மேசையைத் தட்டினார். "இத்தனை பேரு இங்க வேலை பார்க்கறீங்க. நோட்டை வண்டியில ஏத்தினப்ப, இது தப்புன்னு ஒருத்தர்கூடவா கேக்கல?"

அம்சவல்லி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டோம் சார். மேனேஜர் ரூமுக்கு வந்து, உங்ககிட்டதான் கேட்டோம்."