அலமாரிக் கதவு

ஐப்பசி மழையில் ஊறிய அலமாரிக் கதவு, திறந்தால் சட்டத்தில் உரசி ஊரையே கூட்டும். “தேய்ச்சு வுடுய்யா” என்று ஞானம்மாள் மூன்று வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டாள்.

தலை தீபாவளிக்கு மருமகன் வருவதற்கு முதல் நாள், உலகநாதன் தானாகவே மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

“முதல்ல முரட்டுத்தாள், அப்பால நைசுத்தாள். கட்டை இல்லாம தேய்ச்சா மேடு பள்ளமாயிடும்.”

எதிர்வீட்டுச் சின்னசாமி வியந்தார். “பொண்டாட்டி சொல்லுக்கு இன்னா மரியாதை அண்ணாத்தே!”

சின்னசாமி போனார். ஞானம்மாள் குளிக்கப் போனாள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. மருமகனுக்காக அவள் உள்ளே பதுக்கியிருந்த அதிரச டப்பாவை உலகநாதன் ஆசையோடு திறந்தார்.

புத்தம்புது உப்புத்தாள் ஒன்று இருந்தது.

“அதிரசம் நேத்தே சின்னசாமி ஊட்டுக்குப் போயிடுச்சு” என்றாள், பின்னால் வந்து நின்ற ஞானம்மாள். “உள்தட்டையும் தேய்ச்சிட்டா ஒண்ணு வாங்கியாந்து தரேன்.”