எட்டு மணிக்கு என்ன வேலை?

"மேடம், ஒரு ஆள் மெஷினைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் கதைப் புத்தகம் படிக்கிறார். அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டீங்களா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். எதிரே நின்றவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. ஐந்து வயதுப் பெண்ணுக்கு அம்மா. காது கேட்கும் கருவிக்காக ஒரு சிப் வடிவமைத்து, நாலு வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"யாரைச் சொல்றே?"

"வேற யாரு? நம்ம உம்மணாமூஞ்சிதான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்தத் துறையில் அவனுக்கு அதுதான் பெயர். இவளுக்கு ஒரு வருஷம் முன்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவான். அதையும் பாதிதான் ஆட்டுவான்.

விஷயம் இதுதான். சிப்பை அளக்க ஆய்வுக்கூடத்தில் இருப்பதே ஒரே ஒரு மெஷின். நோட்டில் பெயர் எழுதி நேரம் பிடிக்க வேண்டும். பத்திலிருந்து பன்னிரண்டு இவளுடையது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை மற்றவர்கள் வரிசை. எட்டிலிருந்து பத்து மட்டும் ஆறு மாதமாக அவன் பெயர்தான். ஒரு நாள்கூட விட்டதில்லை.

சரி, வேலை செய்கிறானா என்றால் அதுவும் இல்லை. இவள் எப்போது போனாலும் மெஷின் தேமே என்று ஓடிக்கொண்டிருக்கும். அவன் பெரிய துரை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து துப்பறியும் கதை படித்துக்கொண்டிருப்பான். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"இன்னும் இருபது சிப் பாக்கி மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள அளந்து முடிக்கலேன்னா ஆய்வேடு அடுத்த வருஷத்துக்குப் போயிடும். ஒரு நாளைக்கு நாலுதான் முடியுது. ஒண்ணு சொதப்பினாலும் போச்சு. இந்த ஒரு வாரம் எட்டு மணியை எனக்கு விட்டுக் குடுங்கன்னு நானே போய்க் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'வேண்டாங்க, பத்துக்கே வாங்க'ன்னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்."

"எட்டு மணிக்கு உன்னால எப்படி வர முடியும்? பொண்ணை ஸ்கூல்ல விடணுமே?"

"பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கறேன்னாங்க மேடம்."

பேராசிரியை அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். "எட்டு மணிக்கு அந்த மெஷின்ல உனக்கு என்னப்பா வேலை?"

அவன் இவளை ஒரு தரம் பார்த்தான். "ஒண்ணும் இல்லை மேடம்" என்றான். நோட்டில் தன் பெயரை அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை, அழுத பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எட்டு மணிக்கே வந்து நின்றாள். மெஷினுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று தேடவே பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த மெஷினில் அளக்க ஆரம்பித்த இந்த ஆறு மாதத்தில் அவள் அதைப் போட்டதே இல்லை.

முதல் சிப்பை வைத்தாள். ரீடிங் எகிறியது. திரும்ப அளந்தாள், வேறு எண். மூன்றாவது தடவை இன்னொன்று. நேற்று ஒழுங்காக இருந்த சிப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதுவும் அதே கூத்து. நாலு வருஷ உழைப்பு அவ்வளவுதானா?

அப்போது லேப் டெக்னீஷியன் மூச்சு வாங்க உள்ளே வந்தான். வழக்கமாக ஒன்பது மணிக்கு வருகிறவன்.

"அக்கா, அளக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சிப்பெல்லாம் போச்சுப்பா. ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"சிப்புக்கு ஒண்ணும் ஆகலைக்கா. மெஷின் இன்னும் சூடேறலை. ரெண்டு மணி நேரம் சும்மா ஓடினாத்தான் இது நிதானத்துக்கு வரும். பத்து மணி வரைக்கும் எதையும் அளக்க வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி உங்க சீனியர்தான் போன் பண்ணி என்னை விரட்டினார்."

"இத்தனை நாளும் நான் வந்த உடனே சரியா வந்துதே?"

"வராம? எட்டு மணிக்கே அவர் வந்து போட்டு வெச்சிருப்பாரே. ஓடற மெஷினைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு விதி வேற. அதான் புத்தகமும் கையுமா உட்கார்ந்திருப்பார். மத்தபடி இந்த மெஷின்ல அவர் வேலை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சுக்கா."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தான் பத்து மணிக்கு வந்து, தானே மெஷினைப் போட்டிருந்தால், பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஆளுக்குச் சூடாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். ஒரு சிப்கூட அளந்திருக்க முடியாது. ஆய்வேட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அவன் போட்ட பிச்சை என்று தோன்றியது. அந்த மனுஷன் மேல்தான் புகார் கொடுத்திருக்கிறாள்.

பத்து மணி தாண்டியதும் எண்கள் அசையாமல் நின்றன. பன்னிரண்டுக்குள் நாலு சிப் முடிந்தது. நேரே அவனுடைய மேசைக்குப் போனாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. ஆறு மாசமா எனக்காக இவ்வளவு பண்ணியிருக்கீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே பொண்ணை யார் வீட்லயாவது விட்டுட்டு எட்டு மணிக்கு ஓடி வந்திருப்பீங்க. நாளைக்குப் பழையபடி பத்துக்கே வாங்க. என் பெயரைத் திரும்ப எழுதிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அவன் மெதுவாகச் சொன்னான்:

"எங்கம்மாவும் ஆராய்ச்சி பண்ணவங்கதான். என்னை ஸ்கூல்ல கொண்டு விட ஒரு நாளும் அவங்களால வர முடிஞ்சதில்லைங்க."