மூன்றாம் அறை

மகள் மாலினி போய்க்கொண்டிருக்கும் விண்கலத்தின் மாடல் எங்கள் சாப்பாட்டு மேசையில் நிற்கிறது. ஒட்டியதும் பெயின்ட் அடித்ததும் நான்தான். நிஜக் கலத்தில் கீறல் விழுந்தால், இதிலும் வரையச் சொல்லி, கலத்தை இயக்கும் கம்பெனி பெயின்ட் அனுப்பும். நாங்களும் கூடவே போவதுபோல் இருக்குமாம்.

இன்றைய பார்சலில் பெயின்ட் இல்லை. ஒரு சின்ன ரம்பமும் சீட்டும் இருந்தன: “மூன்றாம் அறையை அறுத்து அகற்றவும்.”

அது மாலினியின் அறை. அதன் ஜன்னலுக்கு மட்டும், விளக்கு எரிவதுபோல் மஞ்சள் பூசியிருந்தேன்.

“பார்சல் மாறி வந்திருக்கும்ங்க,” என்றாள் என் மனைவி சுபத்ரா. “ஏதாச்சும்னா முதல்ல போன் பண்ணியிருப்பாங்கல்ல?”

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

சுபத்ரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பசை பாட்டிலை என் கையில் திணித்தாள்.

“அந்த ரூமுக்கு இன்னும் கொஞ்சம் பசை போடுங்க.”