பலூன் கழுத்துக்காரன்

"ஓடியாங்க! பறந்துடப் போறான்!"

மூட்டுவலிக்காரி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கப்பலின் மேல்தளப் படிகளில் அப்படித் தாவி ஏறினாள் அவள். பின்னாலேயே பைனாகுலரும் கையுமாய், மூச்சிரைக்க அவள் கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர்.

கப்பல் ஒரு குட்டித் தீவை ஒட்டி நகர்ந்தது. மரமெல்லாம் கடற்பறவைகள். ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்புப் பை பலூனாய் உப்பியிருந்தது. இத்தனை வருடமாய் அவர் படத்தில் மட்டுமே பார்த்த பறவை! இன்று தவறவிட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

"பொண்டாட்டி பிடிக்க எப்படி ஊதறான் பாருங்க!"

"நானும் உன்னைப் பிடிக்க அப்படித்தான் ஊதினேன்."

"நீங்க ஊதினது தொப்பை. அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம்!"

இருவரும் குலுங்கிச் சிரித்தபோது அவருடைய செல்போன் அலறியது.

"பையன்டி. விடாம அடிக்கிறான்."

"அடிக்கட்டும். பறவைதான் பறந்துடும், பையன் எங்கே போயிடப் போறான்?"

அவர் ஆசை தீரப் பார்த்தார். பறவை சிறகை விரித்துப் போன பிறகுதான் போனை எடுத்தார்.

"அப்பா! எங்கேப்பா இருக்கீங்க?"

"கோச்சுக்காதேடா, கப்பல்லதான். உங்களை வழியனுப்பக் கப்பலுக்குள்ள வந்த இடத்துல பறவைங்களைப் பார்த்துட்டே நின்னுட்டோம், கப்பல் கிளம்பினதே தெரியல. உங்க ஹனிமூன்ல கரடியா நுழைஞ்சுட்டோம். உங்க ரூம் எந்தப் பக்கம்டா?"

மறுமுனையில் மருமகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"ரூமை நீங்களே வச்சுக்குங்கப்பா. உங்களைத் தேடிக் கீழே இறங்கின நாங்க ரெண்டு பேரும் இன்னும் துறைமுகத்துலதான் நிக்கறோம்!"