சிவப்புப் புள்ளி

அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பட்டியலைப் பார்த்தாள். சோதனைக்கென்று மூன்று பள்ளிகளை மட்டும் குறித்திருக்க வேண்டும். 'அனைத்தும்' என்றிருந்தது.

மாநிலத்தின் அத்தனை பள்ளிகளும். கல்லூரிகளும். நூலகங்களும்.

'கனமழை. மாணவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பவும்.'

நாளை அதிகாரிகளுக்குச் செய்து காட்ட ஓர் ஒத்திகை. 'ஒத்திகை' என்ற சொல்லைச் செய்தியில் சேர்க்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

சுவரில் பெரிய திரை. அதில் தமிழ்நாடு. செய்தி போய்ச் சேர்ந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி. சென்னையில் தொடங்கி மளமளவென்று தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது.



மறுப்பை அடித்து அனுப்பினாள். அது வரிசையில் போய் நின்றது. முதல் செய்தி முழுக்கப் போய் முடிந்த பிறகுதான் இது கிளம்பும். வரிசை குலையக் கூடாது என்று அடம்பிடித்து அப்படி அமைத்தவள் அவளேதான். நடுவில் நிறுத்தும் வசதி அடுத்த கட்டத்தில் வருவதாக இருந்தது.

இணைப்பு அறுந்து கிடக்கும் இடத்துக்கும், அது சரிசெய்யப்பட்ட மறுநொடியே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். போன மாதக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தாள்.

வேலை போகும். போகட்டும்.

மலையடிவாரத்தில் ஒரு புள்ளியைத் தேடினாள். அக்காவின் ஊர்ப் பள்ளி. இந்த வேலை முடியும்வரை என்று மகள் நிறைமதியை அங்கேதான் விட்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு.

பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே ஓடை. மழைநாளில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகும். நாலு மணிக்கு ஊரிலிருந்து டிராக்டர் வந்து பிள்ளைகளை ஏற்றி அக்கரை சேர்க்கும். நாலு மணிக்குத்தான் வரும்.

இப்போது இரண்டே முக்கால். அங்கே இரண்டு நாளாக நிஜமாகவே மழை. செல்போன் சிக்னலும் எடுக்காத ஊர்.

புள்ளி சிவப்பாக இருந்தது.

பத்து நாளாகவே சிவப்பு. மரம் விழுந்து கேபிள் அறுந்திருந்தது. மகள் படிக்கிற பள்ளிக்கே இணைப்பு தர முடியவில்லையா என்று, அங்கே லைன் பார்க்கும் தவசியை, அவர் டவுனுக்குத் திரும்பியதும் தினமும் போனில் கடித்துக் குதறியிருக்கிறாள்.

இப்போது அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

அப்படியே இரு என்று முணுமுணுத்தாள். அறுந்தே கிட.

மேலதிகாரி போன் செய்தார். முதுகைத் திரைக்குக் காட்டி, சார், சார் என்று பதில் சொன்னாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பியபோது புள்ளி பச்சையாக இருந்தது.

மறுப்புக்கு முன்னால் வரிசையில் இன்னும் ஒன்பதாயிரம் இடங்கள்.

மேசைமேல் இருந்த, இதே கேபிளில் பேசும் நெட்வொர்க் தொலைபேசி அடித்தது. அந்தப் பள்ளியிலிருந்து வந்த முதல் அழைப்பு.

"மேடம், தவசி பேசுறேன். மழையோட மழையா லைனை இழுத்துட்டேன். லைன் வந்ததும் மொத மெசேஜே உங்களோடதுதான். டீச்சர் அப்பவே பெல் அடிச்சு விட்டுட்டாங்க. உங்க பாப்பாதான் மொதல்ல ஓடுச்சு."

"பாலத்துக்கு ஓடுங்க" என்றாள்.  மறுபடி சொன்னாள்.

அவர் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது.

பிறகு மழை.

காதிலிருந்து அவள் ரிசீவரை எடுக்கவில்லை. ஓட்டில் விழுந்த ஒவ்வொரு துளியும் கேட்டது. இணைப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது.